சிறு கோலமும் பெரிய பதாகையும்



பெங்களூரு நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் ஆனேக்கல் என்னும் ஊர் இருக்கிறது. பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடி வட்டம் அது. அவ்வட்டத்தின் எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழ்நாட்டின் ஓசூர் வந்துவிடும். பொம்மசந்திரா, ஜிகணி ஆகிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளை நாடி வந்து இவ்வட்டாரத்தில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் பகுதி இது. இங்கே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி, அதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு தொழில் நுணுக்கத்தைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விழாவுக்கு ஒரு பதாகை செய்வதென்று எங்கள் தெருவில் முடிவு செய்தோம். 10 அடி நீளம், 4 அடி உயரம். ஒரு பக்கம் பொங்கல் வாழ்த்து. மற்றொரு பக்கம் கோலம். கடையில் கிடைக்கும் படம் வேண்டாம், தெருவில் உள்ள மூதாட்டி ஒருவர் வாசலில் இடும் சிக்குக் கோலத்தையே போடலாம் என்றார் ஒருவர். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. பாட்டியும் மகிழ்ந்து, விடியற்காலையில் எழுந்து, அழகியதொரு கோலம் இட்டார். ஓர் இளைஞர் அதைக் கைபேசியில் படம் பிடித்தார். அந்தப் படம் ஒருவர் கைபேசியிலிருந்து மற்றொருவர் கைபேசிக்குச் சென்று, கடைசியில் அச்சிடும் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

பதாகை வந்தது, கட்டினோம். பாட்டி அருகில் சென்று பார்த்தார். ‘தம்பி, நான் இழுத்த கம்பி இப்படியா இருந்தது? கருக்கரிவாளின் பல்லைப் போல இருக்கிறதே!’ என்றார். அவர் சொன்னது உண்மை. வழுவழுப்பாக வளைந்து செல்ல வேண்டிய கோடுகளெல்லாம் படிப்படியாக முறிந்து நின்றன. பக்கத்திலிருந்த வாழ்த்திலோ, ‘பொங்கல்’ என்ற சொல்லில் பகரத்துக்கு முன்னே நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னே போய் நின்றது. குழந்தைகள் அதைப் பார்த்து, எது சரி என்று தெரியாமல் எங்களையே கேட்டார்கள். வெளி மாநிலத்தில் வளரும் பிள்ளைகள் பெரிய அளவில் தமிழ் எழுத்தைக் காணும் வாய்ப்பு ஆண்டில் எத்தனை முறை வருகிறது? அந்த ஒரு வாய்ப்பிலும் நாம் அவர்களுக்குத் தவறான வடிவத்தைக் காட்டிவிட்டோம். அந்த வருத்தமே என்னை இந்தப் பொருளைக் கற்றுக்கொள்ளத் தூண்டியது.

பிழை எங்கே நேர்ந்தது? கடைக்காரர் மீது பழி சொல்வது எளிது. ஆனால் அவர் நாங்கள் கொடுத்ததைத்தான் அச்சிட்டார். கொடுத்த பொருளே அத்தகையது.

ஆனேக்கல், பட்டு நெசவு நடந்துவரும் ஊர். ஆகவே, தறியைக் கொண்டே இதனை விளக்கலாம். சேலையின் கரையில் மாங்காய் வடிவம் நெய்ய வேண்டுமென்றால், அதை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் கடக்கும் ஓரிடத்தைக் குறிக்கும். கட்டத்தை நிரப்பலாம், அல்லது வெறுமையாக விடலாம். பாதிக் கட்டம் என்பது கிடையாது. பிரெஞ்சு நாட்டின் ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த தறிப்பொறி, இக்கட்டங்களைத் துளையிட்ட அட்டைகளாக மாற்றி நெய்வதற்கு வழி செய்தது. ஆகவே, சேலையில் உள்ள மாங்காயின் வளைவு உண்மையில் வளைவன்று. மிகச் சிறிய படிகளின் வரிசை. நூல் மெல்லியதாக இருப்பதால் படிகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே கட்டத்தாளை வைத்துக்கொண்டு, நூலுக்குப் பதிலாகத் தடித்த கயிற்றைக் கொண்டு நெய்தால் என்ன ஆகும்? மாங்காய் பெரிதாகும், படிகளும் பெரிதாகும்.

கைபேசி எடுக்கும் படமும் இத்தகைய கட்டத்தாளே. அதன் ஒவ்வொரு கட்டத்தையும் பிக்சல் என்கிறோம்; தமிழில் படப்புள்ளி எனலாம். எங்கள் கோலப் படம் கைக்குக் கை மாறியபோது ஒவ்வொரு முறையும் சுருக்கப்பட்டு, முடிவில் அகலத்தில் ஏறத்தாழ 600 புள்ளிகளே எஞ்சின. பதாகையில் கோலத்தின் அகலமோ 4 அடி, அதாவது 48 அங்குலம். வகுத்துப் பாருங்கள்: அங்குலத்துக்கு 12 அல்லது 13 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் 2 மில்லிமீட்டர் அளவு. கருக்கரிவாளின் பல் எங்கிருந்து வந்தது என்பது இப்பொழுது விளங்குகிறதல்லவா?

அப்படியானால் எத்தனை புள்ளிகள் வேண்டும்? அது பார்ப்பவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. நல்ல பார்வையுடையவரின் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. இதிலிருந்து எளிய கணக்கு ஒன்றைப் பெறலாம். 90 என்ற எண்ணை, பார்க்கும் தொலைவின் மீட்டர் அளவால் வகுத்தால், அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் தேவை என்பது ஏறத்தாழக் கிடைக்கும். கையில் பிடித்துப் படிக்கும் தாள் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். அதற்கு 300 புள்ளிகள் வேண்டும். அச்சகத்தார் வழக்கமாகக் கேட்கும் எண் இதுவே. 2 மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பதற்கு 45 போதும். சாலையோரத்தில் 10 மீட்டருக்கு அப்பால் நிற்கும் பெரும் பலகைக்கு 9 புள்ளிகள்கூடப் போதும்.

ஆனால் இந்தக் கணக்கு முகங்கள், மரங்கள், வயல்கள் போன்ற ஒளிப்படங்களுக்குப் பொருந்தும் அளவு கோடுகளுக்கும் எழுத்துகளுக்கும் பொருந்தாது. நேராகச் செல்லும் ஒரு விளிம்பு சற்றே விலகினாலும், நமது கண் அதைக் கண்டுபிடித்துவிடும். இந்த ஆற்றல் மேலே சொன்ன கோண அளவைவிடப் பன்மடங்கு கூர்மையானது. அதனால்தான் முகம் தெளிவாகத் தோன்றும் பதாகையிலும், அருகிலுள்ள எழுத்தின் வளைவு முறிந்து தெரிகிறது. தமிழ் எழுத்தில் இக்குறை இன்னும் மிகுதியாகத் தெரியும். ஐகாரத்தையும் ஞகரத்தையும் ழகரத்தையும் எண்ணிப் பாருங்கள். வளைவில்லாமல் அவை இல்லை.

இதற்கு என்ன வழி? புள்ளிகளை மேன்மேலும் பெருக்குவது ஒரு வழி. புள்ளியே இல்லாமல் வளைவையே எழுதி வைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியின் கதை சுவையானது.

முற்காலத்தில் கப்பல் கட்டுவோர், வளைந்து கொடுக்கும் மெல்லிய மரப்பட்டையைத் தரையில் வைத்து, இங்குமங்கும் எடைக்கட்டிகளால் நிறுத்தி, அது தானே ஏற்கும் வளைவைக் கோடாகக் கீறிக்கொள்வார்கள். மோட்டார் வண்டிகள் செய்யும் காலம் வந்தபோது, அவ்வளைவைக் கணக்கினால் சொல்ல வேண்டிய தேவை எழுந்தது. பிரான்சு நாட்டில் சித்ரோயன் நிறுவனத்தில் பணிபுரிந்த பால் தெ காஸ்தெல்ஷோ என்பவர் 1959-ஆம் ஆண்டிலேயே அதற்கு ஒரு முறை கண்டார். நிறுவனம் அதை மறைபொருளாக வைத்துக்கொண்டது. ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெசியே 1960-களில் தாமாகவே அவ்விடத்தை அடைந்து, தம் முறையை வெளியிட்டார். ஆகவே அந்த வளைவுக்குப் பெசியே வளைவு என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதலில் கண்டவரைக் காட்டிலும் முதலில் சொன்னவருக்கே பெயர் கிடைத்தது.

அந்த முறையை நீங்கள் இன்றிரவே ஒரு தாளில் செய்து பார்க்கலாம். நான்கு புள்ளிகள் வையுங்கள். முதலாவதும் நான்காவதும் வளைவின் இரு முனைகள். நடுவிலுள்ள இரண்டும் வளைவைத் தம்பால் இழுக்கும் புள்ளிகள். நான்கையும் வரிசையாக இணைத்தால் மூன்று கோடுகள் கிடைக்கும். அம்மூன்றின் நடுப்புள்ளிகளையும் குறித்து இணையுங்கள். இரண்டு கோடுகள் வரும். அவ்விரண்டின் நடுப்புள்ளிகளை இணையுங்கள். ஒரு கோடு வரும். அந்தக் கோட்டின் நடுப்புள்ளி இருக்கிறதே, அது வளைவின் மேல் உள்ள ஒரு புள்ளி. இப்பொழுது வளைவு இரண்டு பாதிகளாகிவிட்டது. ஒவ்வொரு பாதிக்கும் இதே வேலையைச் செய்யுங்கள். செய்யச் செய்ய வளைவு தெளிவாகிக்கொண்டே வரும். கணிப்பொறி செய்வதும் இதுவே. சலிப்பில்லாமல், விரைவாகச் செய்கிறது.

இதன் பயன் என்ன? கணிப்பொறி வளைவின் படத்தைச் சேமிப்பதில்லை. நான்கு புள்ளிகளின் இடத்தை மட்டும் சேமிக்கிறது. அஞ்சல் தலை அளவில் அச்சிட்டாலும், கோபுரத்தின் அளவில் அச்சிட்டாலும், அந்நான்கு புள்ளிகளிலிருந்து வளைவை அப்பொழுது புதிதாக வரைகிறது. பழைய வளைவை இழுத்துப் பெரிதாக்குவதில்லை. ஆகவே படிகள் தோன்ற வழியில்லை. இவ்வகைப் படத்தை வெக்டர் படம் என்பர். 1987-இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர், 1989-இல் வந்த கோரல்டிரா, 2003-இல் தொடங்கிக் கட்டணமின்றிக் கிடைத்துவரும் இங்க்ஸ்கேப் ஆகியவை இந்த முறையில் வரையும் மென்பொருள்கள்.

நமது பாட்டிமார்களுக்கு இந்த எண்ணம் புதியதன்று. சிக்குக் கோலத்தில் புள்ளியைக் கோடு தொடுவதில்லை. அதைச் சுற்றி வளைந்து செல்கிறது. புள்ளி வழிகாட்டுகிறது, கோடு வளைகிறது. பெசியே வளைவிலும் நடுவிலுள்ள இரு புள்ளிகளை வளைவு பொதுவாகத் தொடாது. அவை காட்டும் திசையில் சென்று திரும்பும். இரண்டின் கணக்கும் ஒன்றல்ல. ஆயினும் கருத்தில் உறவு இருக்கிறது. 1970-களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தோரும், கோலங்களைக் கணிப்பொறிக்குரிய இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். கோலம் என்பது படம் மட்டுமன்று, விதி என்பதை உலகம் அறிய அது துணை செய்தது.

இனி, செய்முறைக்கு வருவோம்.

முதலாவது: வெக்டர் மென்பொருள் உங்களிடம் இல்லை, ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருளே இருக்கிறது என்று கொள்வோம். அவை அடிப்படையில் கட்டத்தாள்களே. ஆனால் அவற்றிலும் பாத் என்னும் வளைகோட்டுக் கருவி உண்டு. தூரிகையால் கைபோன போக்கில் இழுக்காமல், அக்கருவியால் உருவத்தை அமையுங்கள். தாளின் அளவை, வரையத் தொடங்கும் முன்பே, அச்சிடப்போகும் முழு அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறிதாக வரைந்து பிறகு பெரிதாக்குவது, வீட்டைக் கட்டியபின் அடித்தளம் போடுவதை ஒக்கும். விளிம்பை மென்மையாக்கும் ஏற்பாடும் இயங்கட்டும். அது விளிம்பிலுள்ள புள்ளிகளுக்கு முழுக் கறுப்போ முழு வெள்ளையோ தராமல், இடைப்பட்ட சாம்பல் நிறங்களைத் தந்து, படியைக் கண்ணுக்கு மறைக்கும்.

இரண்டாவது: வளைகோட்டில் புள்ளிகளைக் குறைவாக வையுங்கள். புதியவர்கள் செய்யும் பெரும் பிழை இதுதான். பத்து இடங்களில் புள்ளி வைத்தால் பத்து இடங்களில் வளைவு நெளியும். உருவத்தின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய இடங்களில் வைத்தால் பெரும்பாலும் போதும். ஒரு முழு வட்டத்துக்கே நான்கு புள்ளிகள் போதுமானவை. அவற்றின் கைப்பிடிக் கோடுகள் ஆரத்தில் 100-க்கு 55.2 பங்கு இருந்தால், 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலும் பிழை அரை மில்லிமீட்டரை எட்டாது. ஒரு புள்ளியின் இருபுறக் கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் அங்கே வளைவு வழுவழுப்பாகச் செல்லும். அமையாவிட்டால் முனை முறியும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தவர் பாதித் தொழிலைக் கற்றவர்.

மூன்றாவது: கையில் இருப்பதே படிபடியாக முறிந்த சிறு படம் ஒன்றுதான், அது ஒரே நிறமுள்ள உருவம் அல்லது எழுத்து. என்ன செய்வது? அதை நான்கு மடங்காகப் பெருக்குங்கள். பிறகு படிகள் கரையும் அளவுக்கு மங்கலாக்குங்கள். அதன்பின் லெவல்ஸ் என்னும் கருவியில் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் நடுவை நோக்கி நெருக்குங்கள். மங்கிய விளிம்பு மீண்டும் கூர்மை பெறும்; படிகளோ திரும்ப வாரா. காரணம் எளிது. மங்கலாக்கும்போது மேடும் பள்ளமும் கலந்து சராசரியாகின்றன. நெருக்கும்போது அந்தச் சராசரிக் கோடே விளிம்பாக நிலைக்கிறது. ஒரு குறை உண்டு: கூரிய மூலைகளும் உருண்டுவிடும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும். இவ்வாறு துப்புரவாக்கிய படத்தை இங்க்ஸ்கேப்பில் இட்டு, உருவத்தின் விளிம்பைத் தானே பின்பற்றி வளைகோடாக மாற்றச் செய்யலாம். அழுக்கான படத்தைக் கொடுத்தால் அது அழுக்கையும் உண்மையாகவே பின்பற்றும் என்பதை மறவாதீர்கள்.

நான்காவது, வெளி மாநிலத் தமிழருக்கு இன்றியமையாதது. தமிழ் எழுத்துகளைத் தட்டெழுதி அப்படியே கடைக்கு அனுப்பாதீர்கள். கடையின் கணிப்பொறியில் உங்கள் எழுத்துரு இல்லாமல் போகலாம். தமிழைக் கோக்கும் திறன் அமையாத மென்பொருளாக இருக்கலாம். அப்பொழுது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதைக் கண்டு திருத்த, கடையில் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது முறையன்று. ஆகவே, சொற்களைச் சரிபார்த்தபின், எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிவிடுங்கள். கோரல்டிராவில் இதனைக் கர்வ்ஸ் ஆக்குதல் என்பார்கள். அவ்வாறு செய்தபின் அது எழுத்தன்று, வடிவம். எந்தக் கணிப்பொறியிலும் மாறாது. ஆனால் மாற்றிய பிறகு சொல்லைத் தட்டெழுதித் திருத்த இயலாது. எனவே மாற்றாத படி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் பி.டி.எஃப். கோப்பாக அனுப்புங்கள், ஒளிப்படக் கோப்பாக அனுப்பினால் வளைவெல்லாம் மறுபடியும் கட்டங்களாகிவிடும்.

ஐந்தாவது: முழுப் பதாகையையும் அச்சிடுமுன், ஓரடி அளவுள்ள ஒரு பகுதியை மட்டும் உண்மை அளவில் அச்சிட்டுப் பாருங்கள். திரையில் முழுப் பதாகையும் ஒரு சாண் அளவில் அழகாகவே தோன்றும். அவ்வழகை நம்பி ஏமாந்தவர் பலர். நாங்களும் அவர்களுள் அடங்குவோம்.

எதன்மேல் அச்சிடுவது என்பதையும் சொல்ல வேண்டும். 100 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக், பி.வி.சி. பதாகைகளுக்கு 2022-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு நாடெங்கும் தடை இருக்கிறது. பொது இடத்தில் பதாகை கட்டுவதற்கு அந்தந்த ஊராட்சி, நகராட்சியின் விதிகளும் உண்டு; அவற்றைக் கேட்டறிந்தே கட்டுதல் வேண்டும். துணியில் அச்சிடலாம். துணியில் மை சிறிது பரவும். மெல்லிய கோடுகள் தடிக்கும். அதனை எண்ணிக் கோட்டின் இடைவெளியைச் சற்றுக் கூட்டி வைத்தால் போதும்.

எங்கள் கதையை முடிக்கிறேன். அடுத்த ஆண்டு பாட்டி மீண்டும் கோலம் இட்டார். இம்முறை ஏணியின் மேல் நின்று நேர் மேலிருந்து படம் எடுத்தோம். அதைச் சுருங்காத வகையில் முழுக் கோப்பாகவே பெற்று, அதன்மேல் வளைகோடுகளால் ஒவ்வொரு கம்பியையும் திரும்ப வரைந்தோம். இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. துணியில் ஓரடி மாதிரியை அச்சிட்டு அவரிடம் காட்டினோம். கண்ணாடியை அணிந்துகொண்டு, விரலால் கம்பியின் மேலேயே சென்றார். ஓரிடத்தில் விரல் நின்றது. ‘இந்தக் கம்பி மேலே போக வேண்டும், தம்பி, நீங்கள் கீழே விட்டுவிட்டீர்கள். கோலம் மூடவில்லை,’ என்றார்.

எங்கள் கண்ணுக்குப் படாத பிழை அது. வளைவுகள் தனித்தனியாக இருந்தமையால், ஒரு புள்ளியை நகர்த்தித் திருத்துவதற்கு இரண்டு நிமிடங்களே ஆயின. கட்டப் படமாக இருந்திருந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருப்போம்.

பொங்கலன்று அப்பதாகையின் கீழே நின்று, பாட்டியின் பேத்தி ‘பொங்கல்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் படித்தாள். கொம்பு உரிய இடத்தில் இருந்தது.